தோண்டியவர் நகரம்: கோலார் தங்க வயலின் வரலாறும் இன்றைய வாழ்வும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பத்தூருக்குத் தெற்கே அமைந்துள்ள சாமல்பட்டியும், அதே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு நோக்கிப் பிரியும் பாதையில் குப்பத்தைக் கடந்து பங்காருப்பேட்டையில் கிளைவிட்டு மாரிகுப்பத்தில் முடியும் கோலார் தங்க வயலும் இன்று இருவேறு மாநிலங்களுக்கு உரியவை. ஆயினும், 1860களில் அடுத்தடுத்துப் போடப்பட்ட இவ்விரு முதன்மைப் பாதைகளும் மாநில எல்லைகள் வரையப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இப்பகுதி மக்களை ஒரே வாழ்வுக்குள் இழுத்துவிட்டிருந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் மானாவாரிச் சிற்றூர்களிலிருந்து பண்ணைக் கடனையும் பஞ்சத்தையும் தீண்டாமையையும் உதறிவிட்டுப் புறப்பட்ட குடும்பங்கள், மைசூர் சமஸ்தானத்தின் கீழ்க்கோடியில் ஆங்கிலேயர் ஒருவர்க்கொருவர் 'சிறிய இங்கிலாந்து' என்று சொல்லி மகிழ்ந்த ஒரு நகரின் அடியில், ஏறத்தாழ 120 ஆண்டுகள் பாறை உடைத்தன. அந்நகரைத் திட்டமிட்டது லண்டன் நிறுவனம். அதற்கு ஒளியும் நீரும் தந்தது மைசூர் அரசு. அதை ஊராக்கியவர்களோ அதன் ஒரு சாண் நிலத்துக்கும் பட்டா பெறாத சுரங்கத் தொழிலாளர். சுரங்கம் மூடப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த இன்றும், கோலார் தங்க வயலைப் பற்றிய எல்லா வழக்கும் இந்த உரிமைக் கணக்கிலேயே வந்து நிற்கிறது என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

மண்ணின் கதையிலிருந்து தொடங்குவது பொருந்தும். தங்கம் கிடைத்த நிலப்பகுதி, நிலவியலார் கோலார் சிஸ்ட் பட்டை என்று அழைக்கும், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமே கொண்ட, வடக்குத் தெற்காக நீளும் ஒரு பாறைப் பட்டையாகும். இங்குள்ள சிஸ்ட், பழைய எரிமலைக் குழம்பு பூமிக்குள் அழுந்தி, வெந்து, தகடு தகடாகப் பிளவுபடும் தன்மை பெற்ற பாறை. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் பழமையான அப்பாறையின் வெடிப்புகளில் வெந்நீரோடு ஏறிவந்த வெண்கல் படிந்து உறைந்தபோது, அதனுடன் தங்கமும் நுண்துகளாகப் படிந்தது. அவ்வாறு தங்கம் தாங்கிய வெண்கல் நரம்பையே சுரங்கத்தார் ரீஃப் என்றும் லோடு என்றும் குறிப்பர். இப்பட்டை கோலார் மாவட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. தெற்கே ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் சிகர்குண்டா, பிசானத்தம் ஆகிய ஊர்களைத் தொட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை வரை இறங்கி வருகிறது. கார்பனடைட் என்னும் அரிய எரிமலைச் சுண்ணப்பாறையால் உலக நிலவியலாரிடையே பெயர்பெற்ற சாமல்பட்டியின் பாறைத்தொகுதி வேறு வகையினது, காலத்தால் மிக இளையது. எனினும் கல்லை உடைத்துப் பிழைக்கும் வாழ்வு கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கும் தங்க வயலாருக்கும் பொது.

தங்கத்தை வெள்ளையர் 'கண்டுபிடித்தனர்' என்று பாடநூல்கள் எழுதுவது திருத்தப்பட வேண்டிய செய்தி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், மைசூரின் கிழக்கெல்லையை அளக்க 1802இல் வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர், இன்றைய தங்க வயலிலுள்ள உரிகாம் பக்கத்தில் தங்கம் கிடைக்கிறதென்ற ஊர்ப்பேச்சைக் கேட்டுப் பரிசு அறிவித்தார். ஊரார் வண்டியில் கொண்டுவந்த மண்ணை அவர் கண்முன்னே அலசியபோது பொன்துகள் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, மாரிகுப்பத்தில் பறையர் சமூகத்தார் ஏற்கெனவே குழி இறங்கி, சிறு எண்ணெய் விளக்கின் ஒளியில் கல் பெயர்த்து, கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் அக்கல்லை இடித்து அலசிப் பொன் பிரித்ததை வாரன் பதிவு செய்திருப்பது. சுரங்கத் தொழில் இம்மண்ணுக்கு வந்து இறங்கிய ஒன்றன்று; அறிக்கையாக எழுதப்பட்டதும், பிறகு உரிமமாக மாறியதுமே புதியவை.

அவ்வறிக்கை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போர்களில் பங்கேற்று, ஓய்வுபெற்றுப் பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவேல் என்ற ஐரிஷ் படைவீரர் 1871இல் அதைப் படித்துவிட்டு மாட்டுவண்டியில் கோலாருக்குப் பயணப்பட்டார். 1873இல் விண்ணப்பித்து, 1875இல் மைசூர் அரசிடமிருந்து குத்தகை பெற்றார். கைப்பணம் போதாமல் அவர் உரிமத்தை விட்டுக்கொடுக்க, பெரஸ்ஃபோர்ட் முதலான படை அதிகாரிகள் சிலர் கூட்டாக அதை ஏற்றனர். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்குள் நுழைந்தது. மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி அவ்வாண்டே உருவாயிற்று. முதற்சில ஆண்டுகளில் போட்ட பணமெல்லாம் வீணாகி, பங்குதாரர்கள் கம்பெனியைக் கலைத்துவிட எண்ணியிருந்த வேளையில், எஞ்சிய சிறு முதலைக் கொண்டு கேப்டன் பிளம்மர் என்னும் சுரங்க மேலாளர் பழங்காலச் சுரங்கக்காரர் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்கு அடியில் இறங்கித் தேடினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சாம்பியன் லோடு அங்கேதான் அகப்பட்டது. முன்னோர் கைவைத்த இடமே புதியவர்க்கு வழிகாட்டிற்று என்னும் இச்செய்தியைக் கம்பெனியின் வெற்றிக் கதைகள் ஓரமாக ஒதுக்கிவிட்டது வருந்தத்தக்கது.

பிளம்மருக்கு முன்னொட்டாக வரும் கேப்டன் என்னும் பட்டம் படைத்துறையைச் சார்ந்ததன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் சுரங்க மேற்பார்வையாளரை அழைக்கும் வழக்கு அது. 1860களில் செம்பு விலை சரிந்ததால் அங்குள்ள சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, கார்ன்வால் சுரங்கத்தார் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் சிதறினர். அவ்வலையின் ஒரு கிளையே கோலாருக்கு வந்தது. பிழைப்பு இழந்து வந்த ஆங்கிலத் தொழிலாளியும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே சுரங்கக் கூண்டில் இறங்கினர் என்றாலும், மேலேறிய பின் முன்னவர் தோட்டமும் பணியாளும் கொண்ட பங்களாவுக்கும், பின்னவர் மூங்கில் தட்டி அடைத்த குடிசைக்கும் சென்றனர். இடைநிலையில் ஆங்கிலோ-இந்தியரும், தொடக்கக் காலத்தில் இத்தாலியரும், காவல் பணியில் பஞ்சாபியரும் அமர்த்தப்பட்டனர். 1885இல் தொடங்கப்பட்ட கே.ஜி.எஃப். (கோலார் தங்க வயல்) கிளப்பும், கோல்ஃப் திடலும், கல்லால் எழுந்த தேவாலயங்களும் மேல்மட்டத்தாருக்கு உரியனவாக, 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

மின்சாரத்தின் வரலாறு இந்த ஏற்றத்தாழ்வை எல்லாவற்றினும் துலக்கமாகக் காட்டும். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்டு, காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே 1902 ஜூன் மாதத்தில் தங்க வயலை அடைந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின் கடத்தல் பாதைகளுள் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களே மின்விளக்கைக் காண மேலும் மூன்றாண்டுகள் காத்திருந்தன. பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீரும், 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து கிளை இருப்புப்பாதையும் வந்துவிட்டிருந்தன. பொன்னின் மேல் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் மைசூர் அரசு பெற்ற உரிமத்தொகை அச்சமஸ்தானத்தின் வளர்ச்சிக்கு ஊட்டமாயிற்று. ஆனால் மின்சாரம் முதலில் சென்றது இறவை எந்திரங்களுக்கும், பாறையை நொறுக்கும் ஸ்டாம்ப் மில் என்னும் இரும்பு உலக்கைகளுக்கும், மேலதிகாரிகளின் பங்களாக்களுக்குமே. அதை உருவாக்கும் செல்வத்தைத் தோண்டி எடுத்தவரின் லைன் வீடுகளில் தலைமுறைகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

அந்த வீட்டைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஒற்றை அறை. மூங்கில் தட்டியால் சுவர், அதன் மேல் களிமண் பூச்சு. கூரை தாழ்வானதால் குனிந்தே நுழைய வேண்டும். மூன்று சுற்று வேலையில், அதாவது ஷிஃப்டில், தந்தை இரவில் இறங்கினால் மகன் பகலில் இறங்குவான். ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுத்தனர். கழிப்பறை லைனுக்குப் பொதுவாக இருந்த உலர் கழிப்பறையே. அதை நாள்தோறும் கையால் அகற்றும் வேலை அதே சமூகத்தின் மிகக் கீழ்த்தட்டினர் மேல் சுமத்தப்பட்டது. சட்டம் தடை செய்து பல ஆண்டுகள் ஆன பின்னும் 2011 வரை தங்க வயலில் கையால் மலம் அள்ளும் வேலை தொடர்ந்ததை மனித உரிமை அமைப்புகள் வெளிக்கொணர்ந்தபோதுதான், இந்நகரின் கட்டமைப்பு எவ்வளவு ஆழமான சாதிப் பிரிவினையின் மேல் எழுப்பப்பட்டது என்பதை நாடு அறிந்தது. பிளேக் நோய் பரவியபோது லைன்களின் நெரிசலைக் கண்டு அஞ்சிய அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் ரெசிடெண்ட் ராபர்ட்சனின் பெயரில் ராபர்ட்சன்பேட்டை என்னும் ஒழுங்கான தெருக்களையுடைய ஊரை அமைத்தது. அதுவும் பெரும்பாலும் வணிகர்க்கே பயன்பட்டது.

நிலத்தின் கீழே நிலைமை இன்னும் கடுமை. தொடக்கத்தில் டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் தந்த வயல், 1905இல் ஆண்டுக்குச் சுமார் 19 டன் என்னும் உச்சத்தை எட்டியது. அதன் பின்னர் தங்கம் குறையக் குறையச் சுரங்கம் ஆழமாகிக்கொண்டே சென்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்தைத் தாண்டி, நீண்ட காலம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழியில் இரும்புக் கயிற்றில் கட்டிய கூண்டு இறங்கும்; ஒரே கூண்டில் அடிமட்டம் வரை செல்ல இயலாததால், இடையில் இறங்கி, கிடைக்குழிகளில் நடந்து, அடுத்த ஷாஃப்டில் மீண்டும் இறங்குவர். அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது; மேலே நிறுவிய குளிரூட்டும் எந்திரங்களிலிருந்து குளிர்காற்றைக் கீழே செலுத்திய பின்னும் உடலில் கோவணத்துக்கு மேல் துணி தாங்காது. மேலுள்ள பாறையின் எடை ஓரிடத்தில் குவிந்து, திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் என்னும் பாறைவெடிப்பு தங்க வயலின் தனிச்சாபம். தொடக்க கால ஆவணங்கள் அதைக் காற்றுவெடிப்பு என்று பிழையாகவே எழுதின. வெடிப்பு நிகழ்ந்தவுடன் மேலேயுள்ள லைன் வீடுகளின் பாத்திரங்கள் உருளும்; எந்த ஷாஃப்டில் நிகழ்ந்தது, யார் வீட்டு ஷிஃப்ட் அது என்று கேட்டபடி பெண்கள் ஓடுவர்.

ஆனால் பாறைவெடிப்பை விட அதிகமான உயிர்களைத் தின்றது தூசு. வெண்கல்லைத் துளையிடும்போது எழும் மணல்தூசு நுரையீரலில் தங்கி, அதன் திசுவைக் கல்லாக்கி, ஆண்டுகள் கடந்த பின் மூச்சைப் பறிக்கும் நோயைச் சிலிகோசிஸ் என்பர். அதற்கு இன்றும் மருந்தில்லை. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானது 1934இல், கோலார் தங்க வயலிலேயே. 1940இல் மைசூர் அரசு இதற்கென விதிகள் இயற்றியது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளரைச் சோதித்த மருத்துவ ஆய்வில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நோயின் அறிகுறி காணப்பட்டது. இந்த எண்ணை ஒரு நொடி நின்று படிக்க வேண்டும்: சோதிக்கப்பட்ட ஐவரில் ஏறத்தாழ இருவர். காசநோயும் இதனோடு கூடியதால், சிலிகோசிஸ் எத்தனை குடும்பங்களில் காசநோய் என்ற பெயரில் புதைக்கப்பட்டது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

இத்தகைய வாழ்விலிருந்து எழுந்த அறிவியக்கமே கோலார் தங்க வயலின் அழியாத பெருமை. இவ்வுரையில் அதற்குச் சற்று அதிக இடம் தரப்படுவது தகும். கிராமத்தில் சேரியின் எல்லையைத் தாண்டினால் தண்டனை பெற்ற மக்களுக்கு, இங்கே மாதக்கூலி ரொக்கமாகக் கிடைத்தது. பண்ணையாரின் கண்ணுக்கு வெளியே ஓர் ஊர் கிடைத்தது. அந்த விடுதலையை அவர்கள் சாராயக்கடையில் மட்டும் செலவிட்டனர் என்று எழுதிய அதிகாரிகளின் குறிப்புகளுக்கு மாறாக, அவர்கள் வாசிப்பறைகளை நடத்தினர், இரவுப்பள்ளி தொடங்கினர், அச்சகம் வைத்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய பௌத்த சங்கத்தின் கிளைகளில், திருப்பத்தூருடன் சேர்ந்து மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் முன்னணியில் நின்றன. 1907இல் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கு வாசகரும் எழுதுநரும் கொடையாளரும் இருந்தனர். 1914இல் அவர் மறைந்து, இதழும் நின்றுபோன பின், 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது கோலார் தங்க வயலிலிருந்துதான். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டு, மலிவு விலையில் லைன் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது.

இதன் பொருளை அளவிட ஓர் ஒப்பீடு போதும். சென்னை மாகாணத்தின் பெருநகரங்களில் பட்டம் பெற்றவர் நடத்திய இதழ்கள் பல, சந்தா வாராமல் நின்றுபோன காலத்தில், பாறை உடைப்பவரின் சந்தாவில் ஒரு சிந்தனை இதழ் பல்லாண்டு நடந்தது. ஞான. அலாய்சியஸ் 1990களில் அயோத்திதாசர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது தமிழ்ப் புலமையுலகம் அவரைப் 'புதிதாகக்' கண்டுகொண்டது. தங்க வயலின் குடும்பங்களோ அவரை ஒருநாளும் மறந்திருக்கவில்லை. சாதி எதிர்ப்பின் தமிழ் வரலாற்றை எழுதுவோர் சென்னை, ஈரோடு, மதுரை ஆகிய ஊர்களோடு சாம்பியன் ரீஃபையும் வைத்து எழுதும் நாள் வரவேண்டும்.

தொழிற்சங்க வரலாறும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. 1930 ஏப்ரலில், தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் குழிக்குள் இறங்க மறுத்தனர். அப்போது பதிவு பெற்ற சங்கமோ பெயர் சொல்லத்தக்க தலைவரோ இல்லாததால் யாருடன் பேசுவது என்று அறியாமல் அதிகாரிகள் திகைத்தனர் என்பதை வரலாற்றறிஞர் ஜானகி நாயர் தம் ஆய்வில் விரித்துரைக்கிறார். கைரேகை என்பது குற்றவாளிக்கு உரியது என்ற தன்மானமே அவ்வேலைநிறுத்தத்தின் அடிநாதம். கூலி அதற்கு அடுத்தது. 1940களில் கே.எஸ். வாசன் முதலிய பொதுவுடைமைத் தலைவர்கள் சங்கத்தை வலுப்படுத்தினர். 1946இன் நீண்ட வேலைநிறுத்தக் காலத்தில் காவல்துறை நடவடிக்கையில் தொழிலாளர் உயிரிழந்தனர். விடுதலைக்குப் பின்னர் இத்தொகுதி பொதுவுடைமைக் கட்சிக்கும், அம்பேத்கரியக் குடியரசுக் கட்சிக்கும், தமிழகத்தின் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர்களைத் தந்திருக்கிறது. 

1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962 டிசம்பரில் அவை மைய அரசின் நிதியமைச்சகத்துக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. வெள்ளை முதலாளி அகன்றார் என்ற மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. எடுக்கப்பட்ட தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்காமல், அதனினும் குறைந்த பன்னாட்டு நிர்ணய விலைக்கு அரசுக்கே ஒப்படைக்க வேண்டியிருந்ததால், கணக்குப் புத்தகத்தில் இழப்பு ஆண்டுதோறும் ஏறியது. பிற்காலத்தில் தொழிலாளரின் ஊதியமே நட்டத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது நியாயமன்று.

இக்காலத்தின் ஒரே ஒளிமிகு பக்கம் அறிவியலுக்கு உரியது. பூமியை ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பிற கதிர்களின் இரைச்சல் இன்றிப் பதிவு செய்ய ஆழமான இடம் தேவைப்பட்டதால், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்டில், 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வுகளுள் ஒன்றை 1965 ஆகஸ்டில் வெளியிட்டன. அக்கருவிகளைச் சுமந்து இறக்கியவரும், அவற்றைச் சுற்றிப் பாறைக்கு முட்டுக் கொடுத்தவரும் சுரங்கத் தொழிலாளரே. தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்டு இன்றுவரை வழக்குகளுக்கு உள்ளாகியிருக்கும் நியூட்ரினோ ஆய்வகம் அப்பழைய ஆய்வின் தொடர்ச்சியாகவே எண்ணப்பட்டது.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. உலகச் சந்தையில் தங்கம் அண்மைக் காலத்தின் மிகத் தாழ்ந்த விலையில் நின்ற தறுவாயில், அம்மூடலுக்கான முடிவு எடுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அவ்விலை ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியதை எண்ணிப் பார்க்கையில், காத்திருந்திருக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. 800 டன் அளவிலான பொன்னைத் தந்த வயலின் கடைசித் தலைமுறைத் தொழிலாளர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நீரிறைக்கும் எந்திரங்கள் நிறுத்தப்பட, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சுரங்கப் பாதைகளில் நிலத்தடி நீர் மெல்ல ஏறி நிறைந்தது.

இன்றைய தங்க வயலின் வாழ்வு பெரும்பாலும் தண்டவாளத்தின் மேல் நடக்கிறது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகாம், கோரமண்டல், பெமல் நகர் ஆகிய நிலையங்களில் விடியும் முன்பே ஏறும் மக்கள், நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் காவலாளியாகவும், கடை உதவியாளராகவும், மருத்துவமனைச் செவிலியராகவும், கணினி நிறுவன ஊழியராகவும் வேலை செய்துவிட்டு, இரவில் அதே வண்டியில் திரும்புகின்றனர். பெட்டியில் எந்த இருக்கையில் எந்தக் குழு அமரும் என்பதும், யார் அன்று வரவில்லை என்பதும் அனைவருக்கும் தெரியும். சீட்டுப் பணம் பிரிப்பது முதல் பெண் பார்ப்பது வரை அங்கேயே முடிகிறது. 1964இல் நிறுவப்பட்ட பெமல் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் மண்வாரி எந்திரத் தொழிற்சாலை தங்க வயலில் இயங்கிவருவது ஊரை ஓரளவு தாங்கியது என்றாலும், சுரங்கம் விட்டுச்சென்ற வெற்றிடத்தை அது நிரப்பவில்லை. வாடகை கொடுத்துப் பெங்களூருவில் குடியேற இயலாதோரும், பெற்றோரின் மூச்சிரைப்பை விட்டு அகல இயலாதோருமே இந்த வண்டிகளை நிரப்புகின்றனர்.

மொழியின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. வீட்டிலும் தேவாலயத்திலும் சங்கக் கூட்டத்திலும் தமிழ் நிலைத்திருக்கிறது; தேர்தல் சுவரொட்டிகளிலும் அது குன்றவில்லை. ஆனால் ஒருகாலத்தில் லைன்தோறும் இருந்த தமிழ்வழிப் பள்ளிகள் மாணவரின்றி அருகிவிட்டன. வேலைக்கு ஆங்கிலமும் அரசுப் பணிக்குக் கன்னடமும் தேவைப்படும்போது பெற்றோரைக் குறைகூற இடமில்லை. 'தமிழன்' இதழை அச்சிட்ட ஊரின் பேரப்பிள்ளைகள் அதன் பக்கங்களை எழுத்துக்கூட்டியே படிக்கும் நிலை, தமிழ்நாட்டின் கல்விப் புலங்கள் கவலைகொள்ள வேண்டிய ஒன்று. 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடத் திரைப்படத்தின் வழியே 2018இலும், 'தங்கலான்' என்ற தமிழ்ப் படத்தின் வழியே 2024இலும் இந்நகரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. முன்னது கற்பனை வீரன் ஒருவனின் கதை. பின்னது வட ஆர்க்காட்டிலிருந்து பொன் தேடிச் சென்றவர்களின் பக்கம் கேமராவைத் திருப்ப முயன்றது.

ஊரின் விளிம்பில் நிற்பவை சயனைடு மலைகள். நொறுக்கிய கல்லைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்தது; தங்கம் பிரிந்தபின் எஞ்சும் சாம்பல்நிற மாவுமண்ணை டெய்லிங்ஸ் என்பர். நூறாண்டுகளாகக் கொட்டப்பட்ட அம்மண் 13 குன்றுகளாக, ஏறத்தாழ 3.3 கோடி டன் அளவில் குவிந்திருக்கிறது. திரைப்படக் குழுவினர் பாலைவனக் காட்சிக்காகத் தேடிவரும் அக்குன்றுகளிலிருந்து, ஆடிக்காற்று எழும்போது தூசு கிளம்பி லைன் வீடுகளின் சோற்றுப்பானை வரை படிகிறது. சிலிகோசிஸ் பெற்ற தந்தையின் பிள்ளைகள் சுரங்கத்துக்குள் இறங்காமலேயே அதே மணல்தூசை மூச்சாக இழுக்கின்றனர். அக்குன்றுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் பல்லாண்டுகள் மண்ணைப் புரட்டப்போகும் அத்திட்டம், வேலை தரும் என்பதால் மக்களிடம் எதிர்பார்ப்பையும், தூசு கிளப்பும் என்பதால் அச்சத்தையும் ஒருங்கே எழுப்பியிருக்கிறது.

சுரங்கம் மூடிய ஊர்களுக்கு ஓர் அரசு என்ன செய்ய இயலும் என்பதைக் காண வேறெங்கும் போக வேண்டாம். தங்க வயலில் நிறுவனம் நடத்திய இங்கிலாந்தையே பார்க்கலாம். 1984–85 வேலைநிறுத்தம் தோற்றபின் நிலக்கரிச் சுரங்கங்கள் அடுக்கடுக்காக மூடப்பட்டு, அங்கும் ஊர்கள் சிதைந்தன; அங்குள்ள தொழிலாளரும் வஞ்சிக்கப்பட்டதாகவே இன்றும் உணர்கின்றனர். எனினும் 1999இல் அவ்வூர்களுக்கென ஒரு மறுவாழ்வு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நுரையீரல் நோயுற்ற சுரங்கத்தார்க்கு நீதிமன்றத் தீர்ப்பின் வழியே இருநூறு கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட இழப்பீடு வழங்கப்பட்டது. கார்ன்வாலின் கைவிடப்பட்ட எந்திரக் கட்டடங்கள் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. அதே கார்ன்வால் முறையில், ஜான் டெய்லர் நிறுவனத்தார் எழுப்பிய கோலாரின் ஷாஃப்ட் கோபுரங்களிலிருந்து இரும்பு திருடப்பட்டு எடைக்கு விற்கப்படுகிறது. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிக்கு மருத்துவச் சோதனை கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பில் பன்னிரண்டாயிரம் ஏக்கர் அளவிலான நிலம் இருக்கிறது. தொழிற்பூங்கா அமைக்க மாநில அரசும், தன் சொத்தென்று மைய அரசும் அதன்மேல் கண் வைத்துள்ளன. மூன்று, நான்கு தலைமுறைகளாக அதே லைன் வீட்டில் வாழ்ந்து, தம் கைப்பணத்தில் தட்டியை இடித்துச் செங்கல் சுவர் எழுப்பி, கழிப்பறை கட்டி, மின்னிணைப்பு பெற்ற குடும்பங்களின் கையில் வீட்டு வரிச் சீட்டு இருந்தாலும் நிலப்பட்டா இல்லை. குன்றுகளைப் புரட்டும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், அவ்வீடுகளின் பட்டா அவற்றில் வாழ்வோர் பெயரில் எழுதப்பட வேண்டும். தூசைக் கட்டுப்படுத்தும் முறை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். உயிருடன் உள்ள முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் நுரையீரல் சோதனை அரசுச் செலவில் நடந்து, நோய் கண்டவர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை செல்ல வேண்டும். பிரித்தெடுக்கப்படும் தங்கத்தின் மதிப்பில் ஒரு சிறு பங்கே இவற்றுக்குப் போதும். 1875இல் லவேலுக்கும், 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்துக்கும், 1972இல் பொதுத்துறை நிறுவனத்துக்கும் வயல் கைமாறியபோது கேட்கப்படாத அம்மக்களின் ஒப்புதல், இம்முறையேனும் முன்கூட்டிப் பெறப்பட வேண்டும்.